பன்னிரண்டு வார இரவல்

நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆகிறது. வீட்டில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. தள்ளிப்போவது அவளுக்குப் புதிதும் இல்லை. தைராய்டு குறைவாகச் சுரக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு முன்னே பின்னே வருவது சகஜம். இன்னும் பத்து நாள் பார்ப்போம் என்று இருக்கிறாள். மரவள்ளிக் காட்டில் களைவெட்டு நடக்கிறது, காலையில் கிளம்பினால் பொழுது சாயத்தான் வீடு.

கரியாலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இப்படி ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், வயது 22. கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்பு, எப்போதும் அசதி, முடி கொட்டுகிறது என்று கள்ளக்குறிச்சியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். டி.எஸ்.எச். 11 என்று வந்தது. தினம் 50 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. பெண் பார்க்க வந்த நாளில் அந்த மாத்திரை பாட்டில் துணிப்பெட்டிக்கு அடியில் போனது. ‘பொண்ணுக்கு தைராய்டாமே’ என்ற ஒரு சொல் கல்யாணத்தை நிறுத்திவிடும் என்ற பயம் மலைக்கும் உண்டு, சமவெளிக்கும் உண்டு. சென்னையில் பொறியியல் படித்த பெண்களின் கைப்பையிலும் இந்தப் பாட்டில் ஒளிந்துதான் இருக்கிறது.

அவள் காத்திருக்கும் பத்து நாளில் வயிற்றுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது. கடைசியாகத் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணினால் இது ஐந்தாவது வாரம். கருவின் மூளைக்கு அஸ்திவாரம் போடும் வாரங்கள் இவை. அந்த வேலைக்கு தைராய்டு ஹார்மோன் வேண்டும். ஆனால் கருவுக்குச் சொந்தமாகச் சுரக்கும் தைராய்டு இன்னும் இல்லை. அதன் கழுத்தில் அந்தச் சுரப்பி உருவாகி, அயோடினை இழுத்து, ஹார்மோன் செய்யத் தொடங்குவதற்கு ஏறக்குறைய 12 வாரம் ஆகும். தன் தேவையைத் தானே ஓரளவு சமாளிக்க 18, 20 வாரம் ஆகிவிடும். முதல் பன்னிரண்டு வாரம் எல்லாமே தாயிடமிருந்து இரவல்.

இரவல் கொடுக்கிறவளிடமே குறைவாக இருந்தால்?

மேஸ்திரியின் சத்தம்

‘எனக்கு தைராய்டு இருக்கு’ என்று சொல்கிறோம். தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. குரல்வளைக்குக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சுரப்பி அது. அயோடினை எடுத்து டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் செய்து ரத்தத்தில் விடுவது அதன் வேலை. உடம்பின் ஒவ்வொரு செல்லும் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அந்த இரண்டும் தீர்மானிக்கின்றன.

ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் பலர் குழம்பும் இடம் டி.எஸ்.எச். அது தைராய்டு சுரப்பதல்ல. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவு. கட்டட வேலையில் மேஸ்திரி நிற்பது போல. ஆள் ஒழுங்காக வேலை பார்த்தால் மேஸ்திரிக்குச் சத்தம் போட வேண்டியதில்லை. ஆள் சுணங்கினால் மேஸ்திரியின் குரல் ஏறும். டி.எஸ்.எச். என்பது அந்தக் குரல். அதனால்தான் எண் கூடினால் ‘தைராய்டு கம்மி’, எண் குறைந்தால் ‘தைராய்டு ஜாஸ்தி’. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ‘எனக்கு 11 வரைக்கும் ஏறிடுச்சு, குறைக்கணும்’ என்று மாத்திரையை நிறுத்தியவர்களும் உண்டு.

கர்ப்பம் வந்தவுடன் இந்த ஏற்பாட்டில் மூன்று மாற்றங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ரத்தத்தில் ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதம் பெருகுகிறது. அது நிறைய ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நஞ்சுக்கொடி தன் பங்குக்குக் கொஞ்சத்தைச் சிதைக்கிறது. சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக அயோடினை வெளியேற்றுகிறது. ஆரோக்கியமான தைராய்டு இதைக் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். ஏற்கெனவே மாத்திரையில் ஓடும் உடம்பால் முடியாது. மாத்திரையின் அளவுதான் கூட வேண்டும். பலருக்கு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூடுதலாகத் தேவைப்படும். 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டனில் அலெக்சாண்டர் என்ற மருத்துவரின் குழு, மாத்திரை சாப்பிட்டுவந்த பெண்களைக் கருத்தரித்த நாளிலிருந்தே தொடர்ந்து பார்த்தது. தேவை ஐந்தாவது வாரத்திலேயே ஏறத் தொடங்கியிருந்தது.

ஐந்தாவது வாரம் என்றால் நம் பெண் ‘இன்னும் பத்து நாள் பார்ப்போம்’ என்று இருக்கும் அதே வாரம்.

இதிலிருந்து வந்ததுதான், இப்போது உலகெங்கும் தைராய்டு மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஓர் எளிய வழி. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற பெண், நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் என்று சிறுநீர்ப் பட்டையில் இரண்டு கோடு தெரிந்ததுமே, வாரத்துக்கு ஏழு என்றிருந்த மாத்திரையை ஒன்பதாக்கிக்கொள்ளலாம். செவ்வாயும் வெள்ளியும் இரண்டிரண்டு என்று வைத்துக்கொண்டால் கணக்கு மறக்காது. பிறகு முடிந்த சீக்கிரத்தில் ரத்தப் பரிசோதனை, அதன்படி மருத்துவர் அளவைச் சரிசெய்வார். ஆனால் இந்த வழி அவளிடம் கர்ப்பத்துக்கு முன்பே சொல்லப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கென்று இதய நோயோ வேறு சிக்கலோ இருந்தால் அதையும் அப்போதே பேசியிருக்க வேண்டும். பாட்டில் துணிப்பெட்டிக்கு அடியில் கிடந்தால் எதுவும் நடக்காது.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கர்ப்பத்தைத் திட்டமிடுகிற பெண்ணுக்கு டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே இருக்கும்படி முதலில் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் குழந்தைக்கு முயல்வது நல்லது என்பார்கள். கல்யாணத்துக்கும் முதல் குழந்தைக்கும் நடுவே ஒரு வருஷம் கூட விடாத குடும்பங்களில், இந்தச் சோதனையைக் கல்யாணத்துக்கு முன்பே செய்துவிடுவது தவிர வேறு வழியில்லை. ஜாதகம் பார்க்கிற அக்கறையில் கால்வாசி போதும்.

மலைப் பாதையும் பன்னிரண்டு வாரமும்

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணையை ஒட்டி மேலேறும் சாலை கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்குப் போகிறது. கல்வராயன்மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில், மறு பகுதி 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில். இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் கேரளத்து மலையாளிகள் அல்லர். மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் கீழ் இருந்த மலை இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தபோது, காய்ச்சுகிற இடம் என்று எல்லோரும் இந்த மலையைக் கைகாட்டினார்கள். அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது: இந்த மலை மக்களுக்குச் சாலை, மருத்துவம், பள்ளி எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று அரசைக் கேட்டது. நீதிமன்றம் கேட்ட கேள்விக்கும் நம் பெண்ணின் கழுத்துச் சுரப்பிக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்வது பெரிய ஏற்பாடு. கிராம சுகாதார செவிலியர், ஊரில் எல்லோருக்கும் நர்சம்மா, வீடு தேடி வந்து பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்கிக்கொடுக்கிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்லி விடாமல் வற்புறுத்துகிறார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அது சரியான கெடு. ரத்தசோகைக்குச் சரி, ரத்த அழுத்தத்துக்குச் சரி, ஸ்கேனுக்குச் சரி. தைராய்டுக்கு மட்டும் அந்தக் கெடு முடிகிற நாளில் பாதிக் கதை முடிந்துபோயிருக்கும். பதினோராவது வாரம் பதிவு, அதன் பிறகு ரத்தம், முடிவு வர ஒரு வாரம், மாத்திரை எழுதி வாங்க இன்னொரு நாள் கூலி போக்கு. இரவல் கேட்டு நின்ற பன்னிரண்டு வாரமும் போயாச்சு.

மலையில் இந்தக் கெடுவும் தவறுகிறது. கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும் கர்நாடகக் காபித் தோட்டத்துக்கும் புருஷனும் பெண்டாட்டியுமாக மாதக்கணக்கில் வேலைக்குப் போகிற குடும்பங்கள் நிறைய. வயிறு தெரிந்து ஊர் திரும்பும்போது நாலு மாதம், ஐந்து மாதம். நர்சம்மாவின் பதிவேட்டில் அவள் அப்போதுதான் கர்ப்பிணி.

இதற்குள் ஒரு பழைய சர்ச்சையும் இருக்கிறது. 1999-இல் ஹாடோ என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, கர்ப்பத்தின்போது தைராய்டு குறைவாக இருந்து சிகிச்சை பெறாத தாய்மாரின் பிள்ளைகளை ஏழு முதல் ஒன்பது வயதில் சோதித்தது. அவர்களின் அறிவுத்திறன் எண் சராசரியாக 7 புள்ளி குறைந்திருந்தது. உலகம் பதறியது. எல்லாக் கர்ப்பிணிக்கும் பரிசோதனை, எல்லோருக்கும் மாத்திரை என்று குரல் எழுந்தது. அப்புறம் 2012-இல் பிரிட்டனிலும் இத்தாலியிலும் சுமார் 22,000 கர்ப்பிணிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில், லேசான குறைபாட்டுக்கு மாத்திரை கொடுத்தும் பிள்ளைகளின் மூன்று வயது அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. 2017-இல் அமெரிக்க ஆய்வும் அதையே சொன்னது. அப்படியென்றால் மாத்திரையே வீணா? அந்த ஆய்வுகளில் மாத்திரை தொடங்கியது எப்போது என்று பாருங்கள். 2012 ஆய்வில் பதிமூன்றாவது வாரத்தை ஒட்டி, 2017 ஆய்வில் பதினாறு, பதினேழாவது வாரம். இரவல் காலம் முடிந்த பிறகு. இதனால்தான் முடிவு இப்படி வந்தது என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. லேசான குறைபாடு குழந்தையை அவ்வளவாகப் பாதிக்காது என்பதும் உண்மையாக இருக்கலாம். கடுமையான குறைபாட்டில் மட்டும் இரண்டு கருத்து இல்லை. கருச்சிதைவு, ரத்த அழுத்தம், குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று அபாயங்கள் வரிசையாக நிற்கும், சிகிச்சை கட்டாயம்.

எது கடுமை, எது லேசு என்று கோடு போடுவதிலும் சண்டை. 2016-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, 11 நகரங்களில் 2,599 கர்ப்பிணிகளைச் சோதித்தது. டி.எஸ்.எச். 4.5-க்கு மேல் என்று கோடு போட்டால் 13 சதவீதம் பேருக்குக் குறைபாடு. அமெரிக்க தைராய்டு சங்கம் அப்போது சொன்ன குறைந்த கோட்டைப் போட்டால் 44 சதவீதம்! கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரை ஒரு கோடு நோயாளியாக்கிவிடும் என்றால் சந்தேகப்பட வேண்டியது கோட்டைத்தான். அந்தச் சங்கமே 2017-இல் இறங்கிவந்தது. உள்ளூர் அளவுகோல் இல்லாத இடத்தில் முதல் மூன்று மாதத்துக்கு 4 என்று வைத்துக்கொள்ளலாம் என்றது. இந்திய அரசின் 2014 வழிகாட்டுதல் இன்னும் 2.5, 3 என்ற பழைய கோடுகளில் நிற்கிறது. ஆகவே ஒரே சீட்டைப் பார்த்து ஒரு மருத்துவர் மாத்திரை எழுதுவதும் இன்னொருவர் ‘ஒரு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்மா’ என்பதும் நடக்கும். இருவரும் தப்பு செய்யவில்லை.

மரவள்ளியும் கல்லுப்பும்

கல்வராயன்மலையில் சாமை, தினை விளையும். கடுக்காயும் புளியும் தேனும் இறங்கும். ஆனால் பணம் பார்க்கும் பயிர் மரவள்ளி. மலையிலிருந்து லாரியில் இறங்கும் கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து சேகோ ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. வீட்டில் அவித்துத் தின்பதும் உண்டு.

மரவள்ளியில் சயனைடை விடுவிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. உடம்புக்குள் போகும் சிறிதளவு சயனைடை, உடம்பு தயோசயனேட் என்ற பொருளாக மாற்றி வெளியேற்றும். அந்த தயோசயனேட், தைராய்டுக்குள் அயோடின் நுழையும் வாசலை மறித்துக்கொள்ளும். பெல்ஜிய ஆய்வாளர்கள் 1970-களில் ஆப்பிரிக்காவின் கீவு ஏரியில் உள்ள இஜ்வி தீவில் இதைக் கண்டார்கள். தீவு முழுக்க அயோடின் பஞ்சம் இருந்தும், சரியாகப் பதப்படுத்தாத மரவள்ளியை அதிகம் தின்ற பகுதியில்தான் முன்கழுத்துக் கழலை மிகுதி. சூடானின் டார்ஃபூரில் கம்பும் இதே குற்றச்சாட்டில் மாட்டியது. கம்பங்கூழ் குடித்து வளர்ந்த கள்ளக்குறிச்சிக்காரர்கள் பதற வேண்டாம். இந்த உணவுகள் தனியாக யாரையும் வீழ்த்துவதில்லை. அயோடின் குறைவாக இருக்கும் உடம்பில்தான் அவற்றின் கை ஓங்கும். கிழங்கைத் தோலுரித்து, துண்டுபோட்டு, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும் நம் பாட்டிமார் பழக்கம் பாதி விஷயத்தைத் தீர்த்துவிடுகிறது. மீதியைத் தீர்ப்பது உப்பு.

உப்பில்தான் நாம் தோற்றிருக்கிறோம். மழை கழுவிய மலை மண்ணில் அயோடின் தங்காது என்பதால் கழலை இமயமலையின் நோய் என்றே வெகுகாலம் நினைத்தார்கள். மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசுவாமியின் குழு 1956-இல் ஹிமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு கழலையை விரட்டும் என்று காட்டியது. 1962-இல் தேசியத் திட்டம் வந்தது. அப்புறம் நாடெங்கும் தேடியபோது மலையில்லாத மாவட்டங்களிலும் கழலை இருந்தது. அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்ற தடை நடுவில் 2000-இல் விலக்கப்பட்டு, 2006 மே முதல் மறுபடி நடைமுறைக்கு வந்தது. 2018-19-இல் எடுத்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுக்க 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களில் கடைசி.

தூத்துக்குடியும் வேதாரண்யமும் மரக்காணமும் நம்முடையவை. உப்பு விளைகிற ஊர்க்காரர்களுக்கே நல்ல உப்பு இல்லை. காரணம் ரகசியமில்லை. பாத்தியில் விளைந்த கல்லுப்பு அப்படியே மூட்டையில் மலிவாக வந்துவிடுகிறது. என் வீட்டிலும் அடுப்புக்குப் பக்கத்தில் கல்லுப்பு ஜாடி இருந்தது. ஊறுகாய்க்கும் குழம்புக்கும் கல்லுப்பு போட்டால்தான் ருசி என்பது அம்மா கட்சி. ‘ராக் சால்ட்’ என்ற இந்துப்பையும் ஆரோக்கியம் என்று இப்போது நகரத்தில் விற்கிறார்கள். கர்ப்பிணி உள்ள வீட்டில் அயோடின் கலக்காத எந்த உப்பும் வேண்டாம்.

பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். ரேஷன் கடையில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அயோடின் உப்பு கிடைக்கும். கல்லுப்பிலும் அயோடின் கலந்து பாக்கெட்டில் வருகிறது, சின்னம் இருந்தால் அதுவும் சரி. சுகாதாரப் பணியாளர் கையில் ஒரு சின்ன பாட்டில் திரவம் இருக்கும். உப்பில் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருந்தால் ஊதா. அந்தத் திரவத்தில் வேலை செய்வது ஸ்டார்ச். மரவள்ளிக் கிழங்கில் இருப்பதும் ஸ்டார்ச்தான் என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. ஜாடியை அடுப்புக்கு அருகே திறந்து வைக்காமல் மூடி வைத்து, குழம்பு இறக்குகிறபோது உப்பைப் போட்டால் அயோடின் குறைவாக வீணாகும்.

அதற்காக உப்பை அள்ளிப் போடுவதும் தப்பு. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடையிலிருந்து நம் கைக்கு வரும்போது உப்பில் இருக்க வேண்டிய அளவு பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கு. ஐந்து கிராம் உப்பு, 30 பங்கு என்றாலும் 150 மைக்ரோகிராம்தான் தேறும். மீதி பாலிலும் முட்டையிலும் கடல் மீனிலும் வர வேண்டும். சந்தைக்கு வரும் கருவாடு இந்த இடத்தில் கை கொடுக்கும், அதிலுள்ள உப்பை மட்டும் நன்றாகக் கழுவிவிட்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்யச் சொன்ன பாட்டிக்கு அயோடின் தெரியாது, ஆனால் வழி தெரிந்திருக்கிறது.

மாத்திரைகளின் சண்டை

சரி, நம் பெண் ஒருவழியாக நர்சம்மாவிடம் சொல்லிவிட்டாள். பாட்டில் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது. அரசு கொடுக்கும் மற்ற மாத்திரைகளும் வந்துவிட்டன. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம். எல்லாவற்றையும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒன்றாகப் போட்டு விழுங்கிவிட்டுக் காட்டுக்குப் போகிறாள். ஒரு மாதம் கழித்து ரத்தம் பார்த்தால் டி.எஸ்.எச். இறங்கவே இல்லை. மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்கிறார்கள். சாப்பிடுகிறாள், பாவம்.

இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்சினைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். ரத்தத்துக்குப் போகவிடாது. அதனால் நடுவே குறைந்தது நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியமும் இரும்பும் ஒன்றோடொன்றும் ஒத்துப்போகாது. இதற்கு ஒரு நாள் அட்டவணை இப்படி அமையலாம்: விடியற்காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராக்சின், தண்ணீரோடு மட்டும். டீயோ காபியோ கூழோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம் மதியமும் இரவும் சாப்பாட்டோடு. இரும்பு இரண்டுக்கும் நடுவே சாயங்காலம். நாலு மணி டீயோடு இரும்பு மாத்திரையைப் போட்டால் அதுவும் வீண், டீ இரும்பை விடாது.

மசக்கையில் காலை மாத்திரை வெளியே வந்துவிடுகிறதா? இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப்போகும்போது போடலாம். அப்போது இரவுக் கால்சியத்தைக் காலைச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் சேர்த்துப் போடலாம், குடி முழுகாது. ஒரு வாரம் விட்டால்தான் விஷயம்.

இருபதாவது வாரம் வரை நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம், அப்புறம் முப்பதாவது வாரத்தை ஒட்டி ஒருமுறை. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள். அந்த நாளோடு இதை முடிச்சுப் போட்டுவிட்டால் தனிப் பயணம் மிச்சம். கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் ரத்தத்தில் டி.எஸ்.எச்.சும் உண்டா என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. சிக்கலான கர்ப்பம் என்றால் கீழே கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரியே 2022 முதல் இருக்கிறது.

தைராய்டு அதிகம் சுரக்கும் பெண்கள் குறைவு. ஆனால் அவர்கள் கதை வேறு, எச்சரிக்கையும் வேறு. மசக்கை உச்சத்தில் இருக்கும் முதல் மாதங்களில் கர்ப்ப ஹார்மோனே தைராய்டைத் தட்டி எழுப்பும், டி.எஸ்.எச். தானாகவே இறங்கும். அதைப் பார்த்து அவசரப்பட்டு மருந்து தொடங்கக்கூடாது. பெரும்பாலும் தானே சரியாகும். உண்மையிலேயே தைராய்டை அதிகம் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோய் என்றால், வழக்கமாகக் கொடுக்கும் கார்பிமசோல் முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். அந்த மாதங்களுக்கு புரொப்பைல்தயோயூரசில் என்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். கதிரியக்க அயோடின் சிகிச்சை எடுத்திருந்தால் ஆறு மாதம் கழித்துத்தான் குழந்தைக்கு முயல வேண்டும். கர்ப்பத்தில் அந்தச் சிகிச்சை கூடவே கூடாது.

‘சமத்துக் குழந்தை’

குழந்தை பிறந்த அன்றே தாயின் தேவை இறங்கிவிடும். மாத்திரை கர்ப்பத்துக்கு முந்தைய அளவுக்குத் திரும்பும். பால் கொடுக்கும்போது தைராக்சின் சாப்பிடலாமா என்று கேட்காத வீடு இல்லை. தாராளமாகச் சாப்பிடலாம்.

குழந்தைக்கும் ஒரு பரிசோதனை உண்டு. பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தைகள் இந்தியாவில் சுமார் ஆயிரத்துக்கு ஒன்று. தாய்க்கு தைராய்டு குறைபாடு இல்லாவிட்டாலும் இது வரலாம். பிறந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு குதிகாலில் சின்னதாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கத் தொடங்கினால், அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தாமதித்தால் மூளை வளர்ச்சியில் போனது போனதுதான். இந்தக் குழந்தைகளை ஊர் முதலில் புகழும். அழுவதே இல்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறது, சமத்துக் குழந்தை என்பார்கள். மஞ்சள் காமாலை இரண்டு வாரமாகியும் போகாமல், மலச்சிக்கலோடு, கரகரத்த குரலில் சன்னமாக அழும் குழந்தையைச் சமத்து என்று விட்டுவிடக்கூடாது. பிரசவம் ஆன மறுநாளே ‘வீட்டில் ஆளில்லை, ஆடு மாடு கிடக்கு’ என்று கிளம்பிவிடுகிறவர்கள் அந்தக் குதிகால் குத்துக்காவது இருந்துவிட்டுப் போக வேண்டும்.

தாய்க்கு இன்னொரு கட்டமும் இருக்கிறது. கர்ப்பத்தில் அடங்கிக் கிடந்த நோய் எதிர்ப்பு சக்தி, பிரசவத்துக்குப் பிறகு மறுபடி தலைதூக்கும்போது சிலருக்கு தைராய்டையே தாக்கும். நூறு தாய்மாரில் ஐந்து முதல் பத்து பேருக்கு இது வருகிறது. முதல் சில மாதங்களில் படபடப்பு, தூக்கமின்மை, எடை இறக்கம். நாலு முதல் எட்டு மாதத்துக்குள் தலைகீழாகி அசதி, முடி கொட்டல், பால் குறைவு, காரணமில்லாத அழுகை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்தில் சரியாகிவிடும், சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். ‘பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று மாமியாரும் சொல்வார், அம்மாவும் சொல்வார். பச்சை உடம்பு எட்டு மாதத்துக்கு இருக்காது. பத்தியம் என்று உப்பைக் குறைத்துச் சோறு போடும் வீட்டில் அவளுக்கு அயோடினும் குறைகிறது.

பிரசவமாகி ஆறு வாரத்தில் தாய்க்கு ஒரு டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். அது எளிதில் மறந்துபோகும். ஆனால் அதே நாளில் குழந்தைக்கு 45 நாள் ஊசி இருக்கிறது. அதை மலையிலும் யாரும் மறப்பதில்லை.

நம் பெண் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். கூட மாமியார். தொடையில் ஊசி இறங்கியதும் குழந்தை வீரிட்டு அழுகிறது, வெளியே மரத்தடியில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி, சுத்தமான குரலில். மாமியார் வாங்கித் தோளில் போட்டுத் தட்டுகிறார். ‘உனக்கும் எடுக்கணும்மா’ என்று நர்சம்மா பக்கத்து நாற்காலியைக் காட்டுகிறார். எதற்கு என்று மாமியார் கேட்கிறார். அவள் கல்யாணத்துக்கு முந்தைய அந்தச் சீட்டிலிருந்து தொடங்கி, முதல் தடவையாக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே கையை நீட்டுகிறாள்.